சுகாதாரக் கல்வியும் தோட்ட மண்ணும்: ஊவா மலைநாட்டை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

அண்மைக் காலத்திலே நமது பல்கலைக்கழகங்களின் சுகாதாரக் கற்கைநெறிகளில் 'நிலைபேறு' என்னும் சொல் பெருவழக்குப் பெற்றுள்ளது. 1987ஆம் ஆண்டின் பிறண்ட்லாண்ட் ஆணைக்குழு அறிக்கையினாற் பரவலாக்கப்பட்டு, 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பதினேழு இலக்குகளினால் உத்தியோகபூர்வ மதிப்புப் பெற்ற இச்சொல், பாடத்திட்டங்களின் முகப்புகளிலும் கருத்தரங்குத் தலைப்புகளிலும் இன்று இடம்பெறாத இடமில்லை எனலாம். சொல் புதிது, அது சுட்டும் பிரச்சினை புதிதன்று. மனித உடலின் நலமும் மண்ணின் நலமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் உடலாலேயே அறிந்துவந்த ஒரு மக்கட் கூட்டம் அப்புத்தளை மலைச்சரிவுகளில் வாழ்கின்றது. அம்மக்களின் அநுபவத்துக்கும் இந்நாட்டின் உயர் மருத்துவக் கல்விக்கும் இருந்துவந்த உறவு யாது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

கோட்பாட்டு நிலையில் ஒன்றை முதலிற் குறிப்பிடல் வேண்டும். முதலாளித்துவ வேளாண்மையின் ஒவ்வொரு முன்னேற்றமும் தொழிலாளியைச் சுரண்டுவதோடு மண்ணையும் சுரண்டும் முன்னேற்றமாகவே அமைகின்றது என்ற கருத்தை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதன'த்தின் முதலாம் தொகுதியிலேயே வைத்துள்ளார். யேர்மானிய இரசாயனவியலாளர் லீபிக்கின் மண்வள ஆய்வுகளைக் கற்றே அவர் அம்முடிவுக்கு வந்தார். அதற்கு முன்பே, 1845இல், எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளரின் நோய்களுக்கும் அவர்தம் குடியிருப்புகளுக்கும் உள்ள தொடர்பினை விரித்துரைத்திருந்தார். 1848இல் மேல் சைலீசியாவிலே பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராயச் சென்ற இளம் மருத்துவர் றுடோல்ப் வேர்ஷோ, மருந்துப் பட்டியலோடு திரும்பவில்லை. முழுமையான சனநாயகம், கல்வி, அங்கு வாழ்ந்த போலிஷ் மக்களின் மொழிக்கு உரிய இடம் என்பனவற்றையே அவர் நோய்க்குப் பரிகாரமாக விதந்துரைத்தார். மொழியையும் மருத்துவர் ஒருவர் பரிகாரத்திற் சேர்த்துக்கொண்டார் என்பது மலையகத்தைப் பொறுத்தவரை மனங்கொள்ளத்தக்கது.

ஊவாவின் கதையை 1817-18ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலிருந்து தொடங்குதல் பொருந்தும். பிறவுண்றிக் ஆளுநராயிருந்த அக்காலத்தில் கிளர்ச்சியை ஒடுக்கிய பிரித்தானியப் படை, வயல்களையும் குளங்களையும் ஊர்களையும் அழித்தது. வெல்லஸ்ஸை என்றால் நூறாயிரம் வயல்கள் என்பது பொருள். அப்பெயருக்குரிய வேளாண்மை அதன்பின் மீளவேயில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாக்கிற்று. அக்காணிகள் கோப்பித் தோட்டங்களாயின. சிங்களக் குடியானவனின் நிலத்தைப் பறித்த கையே தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தொழிலாளரைக் கொணர்ந்து அந்நிலத்தில் நிறுத்தியது. இவ்விருவரும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பதை இனவாத வரலாற்றெழுத்து தொடர்ந்து மறைத்து வந்துள்ளது.

கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் இதே ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே முதன்முதலாக இனங்காணப்பட்டது. காட்டை முற்றாக வெட்டி, மலைக்கு மலை ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமை நோய் பரவுவதற்கு வாய்ப்பளித்தது என்பதை, 1880களின் தொடக்கத்தில் இங்கு வந்து ஆராய்ந்த மார்ஷல் வாட் உணர்ந்திருந்தார். ஆயினும் கோப்பி போன இடத்தில் வந்தது மற்றுமோர் ஒற்றைப் பயிரே. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். 1893இல் புகையிரதப் பாதை அப்புத்தளையை எட்டியது. பதுளையை எட்ட 1924 வரை சென்றது. தேயிலை இலண்டன் சந்தைக்கு விரைந்து இறங்கிய அந்தப் பாதையில் மருத்துவம் மிக மெதுவாகவே ஏறியது.

இலங்கையின் மேலைத்தேய மருத்துவக் கல்வியின் தோற்றத்துக்கும் தோட்டப் பொருளாதாரத்துக்கும் உள்ள நெருக்கம் போதிய கவனம் பெறவில்லை. கொழும்பு மருத்துவப் பள்ளி 1870இல் தொடங்கப்பெற்றது. வன்னியின் மக்கட்தொகை வீழ்ச்சியையும் பறங்கி நோயையும் ஆராய்ந்த டொக்டர் ஜேம்ஸ் லூஸ் அதன் முதல் அதிபரானார். பள்ளியின் தோற்றத்துக்கு வன்னியே காரணமாகக் கூறப்படுவதுண்டு. அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1872இல், குடிபெயர்ந்த தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய முதற் சட்டம் வந்தது. பின்னர் 1880களில் திருத்தங்களும், 1912இல் மருத்துவத் தேவைகள் சட்டம், தொழிலாளர் நோய்கள் சட்டம் என இரு சட்டங்களும் வந்தன. தோட்ட மாவட்டங்களில் மருத்துவமனையும் மருந்தகமும் நிறுவுவதற்கு மலிவான உள்ளூர் உத்தியோகத்தர் தேவைப்பட்டனர். ஐரோப்பிய மருத்துவரை அத்தனை மலைகளுக்கும் அனுப்புதல் இயலாது. கொழும்பிற் கற்பித்து மலைக்கு அனுப்பும் முறை இவ்வாறு உருவாயிற்று. கற்பித்தல் ஆங்கிலத்தில் நடைபெற்றது.

அச்சட்டங்களின் உள்ளமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. லயங்களைத் துப்புரவாக வைத்திருத்தல், நோயாளரைப் பற்றி மாவட்ட மருத்துவருக்கு அறிவித்தல், பிள்ளைப்பேற்றின் பின் பெண் தொழிலாளிக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளித்தல் ஆகிய கடமைகள் யாவும் தோட்டத் துரையின்மீது சுமத்தப்பட்டன. மேலோட்டமாக நோக்குவோருக்கு இது தொழிலாளர் நலச் சட்டமாகவே தோன்றும். ஆனால் யார் நோயாளி என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் இதனால் துரையிடமே சென்றது. காலையிற் பெரட்டுக்களத்தில் நிற்கும் தொழிலாளி காய்ச்சற்காரனா, கள்ளச்சோம்பலா என்பதைக் கங்காணியும் கண்டக்டரும் முகத்தைப் பார்த்தே முடிவு செய்தனர். முடிவு பாதகமாயின் அன்றைய பேர் இல்லை. சற்றே இரங்கினால் அரைப்பேர். தோட்டத்து மக்கள் 'டொக்டரையா' என விளித்தவர் பெரும்பாலும் டொக்டராக இருக்கவில்லை. மருந்து கலக்கிக் கொடுக்கப் பயின்ற மருந்தாளராகவோ, பிற்காலத்துத் தோட்ட வைத்திய உதவியாளராகவோ இருந்தார். சம்பளம் நிருவாகத்திடமிருந்து வந்தது. விசுவாசமும் அத்திசையிலேயே நின்றது. அவர்களுள் நல்லவர் இருந்தனர், ஐயமில்லை. நாம் பேசுவது அமைப்பைப் பற்றி.

இதே காலத்தில் வடக்கிலே முற்றிலும் வேறான ஒரு பரிசோதனை நடைபெற்றுக்கொண்டிருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் முழுமையாகத் தமிழ்மொழியிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூற்றியல், இரண வைத்தியம், இரசாயனம் எனப் பல துறை நூல்களைத் தம் மாணாக்கரின் துணையோடு தமிழாக்கினார், கலைச்சொற்களை ஆக்கினார். ஆங்கிலத்தில் மருத்துவங் கற்றவன் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவான், தமிழிற் கற்றவன் தன் மக்களிடையே தங்குவான் என்பது அவர் கணிப்பு. அவரது முயற்சியின் இறுதி நோக்கம் சமயப் பரப்பே என்பதை மறப்பதற்கில்லை. எனினும், கல்வியின் மொழிக்கும் மருத்துவர் யாருக்குப் பணிபுரிவார் என்பதற்கும் உள்ள தொடர்பினை அக்காலத்திலேயே ஒருவர் கண்டுகொண்டமை சிறு விடயமன்று. கிறீன் 1873இல் நாடு திரும்பினார். அவருடைய தமிழ் நூல்களைப் பற்றி நம் ஆய்வாளர் பெருமிதத்தோடு பேசுவர். தமிழ்த் தொழிலாளர் இலட்சக்கணக்கில் வந்து குவிந்துகொண்டிருந்த கோப்பித் தோட்டங்களில் அந்நூல்களுக்கு ஏன் இடமில்லாது போயிற்று என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. தமிழுணர்வு என்பது வர்க்க எல்லையைத் தானாகத் தாண்டிவிடுவதில்லை.

உடல்நலமும் மண்ணும் நேரடியாகச் சந்தித்த இடம் கொளுக்கிப்புழு நோய். இப்புழுவின் முட்டை மலத்துடன் வெளியேறி, ஈரலிப்பான நிழல் மண்ணிற் பொரித்து, வெறுங்கால் வழியே மீண்டும் உடலினுட் புகும். தேயிலைத் தோட்டத்துக்கு இதைவிடப் பொருந்திய நோயைக் கற்பனை செய்தல் அரிது. மலைச்சரிவிலோ மலகூடம் இல்லை; ஈரமும் நிழலும் எப்போதும் உண்டு; தொழிலாளியின் காலிற் செருப்பில்லை. 1916இல் றொக்பெல்லர் மன்றத்தின் சுகாதாரப் பிரிவு மாத்தளைத் தோட்டங்களில் இந்நோய்க்கெதிரான இயக்கத்தைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருட் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோயுற்றிருந்தமை தெரியவந்தது. மருந்து கொடுக்கப்பட்டது, புழு இறந்தது. சில மாதங்களில் அதே தொழிலாளியின் குடலில் மீண்டும் புழு குடியேறியது. ஏனெனில் மண் மாறவில்லை.

அவ்வியக்கத்தின் வரலாறு நமது கற்கைநெறிகளில் விரிவாகக் கற்பிக்கப்பட வேண்டியது என்பது எமது துணிபு. மலகூடம் அமைப்பதற்குச் செலவிடத் தோட்ட முதலாளிகள் தயங்கினர். மருந்து உண்ட தொழிலாளி வேலைக்கு வாராத நாள் அவர்களுக்கு நட்டம். தொழிலாளிக்கோ அந்நாட் கூலி இழப்போடு வயிற்றுப்போக்கும் மயக்கமும் சேர்ந்தன. மருந்தை அவன் வெறுத்தமைக்கு அறியாமையைக் காரணங் கூறுதல் எளிது. மருத்துவருக்கும் தோட்டத்துக்கும் இடையே நின்ற தடை உடைமை உறவே. இதனை உணர்ந்த றொக்பெல்லர் குழுவினர் உடைமை உறவோடு மோதவில்லை, மோதுவர் என எதிர்பார்த்தற்கும் இடமில்லை. அவர்கள் கிராமத்தை நோக்கித் திரும்பினர். 1926இல் களுத்துறையில் நிறுவப்பெற்ற சுகாதாரப் பிரிவு அத்திருப்பத்தின் விளைவு. ஆசியாவுக்கே முன்மாதிரியெனப் போற்றப்படும் அம்முறை, குடும்பநல மாது, பொதுச்சுகாதாரப் பரிசோதகர், சுகாதார வைத்திய அதிகாரி என்போரை மக்களின் வாயிலுக்கே கொண்டு சென்றது. சுகாதாரக் கல்வி மாணவர் பலர் இன்றுவரை களுத்துறையிற் பயிற்சி பெறுகின்றனர். எனினும் இலங்கையின் தாய்சேய் நல வெற்றிகளுக்கு அடித்தளமான அம்முறை, தனியார் நிருவாகத்தின் எல்லைக்குள் அடங்கிய தோட்டங்களை நெடுங்காலம் தொடவில்லை. தோட்டத்திலே கண்டறியப்பட்ட நோயிலிருந்து பிறந்த அறிவு கிராமத்துக்குச் சென்றது. தோட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஓர் ஒப்பீடு: தேயிலைச் செடிக்கு 1925இலேயே ஆராய்ச்சி நிலையம் அமைந்துவிட்டது. செடியின் நோய், பூச்சி, எரு, கவாத்து யாவற்றுக்கும் அங்கு விஞ்ஞானிகள் இருந்தனர். கொழுந்து பறித்தவளின் முதுகுவலிக்கும் இரத்தச்சோகைக்கும் அத்தகைய நிலையம் எதுவும் அமைக்கப்படவில்லை.

1934-35இல் மலேரியா கொள்ளைநோயாகிப் பல்லாயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இடதுசாரிகள் கேகாலைக் கிராமங்களில் நிவாரணப் பணி புரிந்தனர். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க அவர்களுட் குறிப்பிடத்தக்கவர். பட்டினியே அக்காய்ச்சலைக் கொலைகாரனாக்கியது என்று அவர்கள் கூறினர். 1935 திசெம்பரில் லங்கா சமசமாசக் கட்சி தோன்றியதற்கு அவ்வநுபவமும் ஒரு காரணம்.

இலக்கிய மாணவர் என்ற முறையில் ஒன்றைச் சுட்டாதிருத்தல் இயலவில்லை. அதே 1935இல் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற பெண்ணொருத்தியின் உடல் எவ்வாறு சிதைகின்றது என்பதே அக்கதை. பின்னர் 1969இல், ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டானியல் தாம் கண்டவற்றை 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலாக்கினார்; அது 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்துள்ளது. மருத்துவ அறிக்கைக்குள் அடங்காததை எழுதுவதற்கு மருத்துவரே நாவலை நாடவேண்டியிருந்தது. தோட்ட நோய்களின் சமூகவியலை மருத்துவக் கல்விக்கு முன்பாக இலக்கியம் கண்டுவிட்டது என்பது மிகையாகாது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்று மருத்துவக் கல்லூரி அதன் பீடமாயிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1949இல் வாக்குரிமை போயிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என ஒதுக்கிவைத்தது. இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலையை எட்டவில்லை. அப்பாடசாலைகள் 1977 முதலே படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. ஆகவே 1962இற் பேராதனையில் மருத்துவ பீடம் தொடங்கப்பெற்றபோது, அதைச் சூழ்ந்த மலைகளிற் பிறந்த பிள்ளைகளுக்கு அது கண்ணுக்குத் தெரிந்த, கைக்கெட்டாத கட்டடமாக இருந்தது. பின்னர் வந்த மாவட்ட அடிப்படையிலான அனுமதி முறையும் இதனை நேர்செய்யவில்லை. பதுளை பின்தங்கிய மாவட்டமெனக் கொள்ளப்பட்டாலும், மாவட்டம் என்ற அலகு பதுளை நகரத்து வசதிபடைத்தோரையும் தோட்டத்து லயத்துப் பிள்ளையையும் ஒரே கணக்கில் வைக்கின்றது. புவியியல் இங்கு வர்க்கத்தை மூடும் திரையாகின்றது.

இருளான இவ்வரலாற்றில் ஒரு விதிவிலக்கை விரிவாக நினைவுகூர்தல் கடன். ஊவாவின் பிபிலைக் குடும்பத்தவரான பேராசிரியர் சேனக பிபிலை, இந்நாட்டின் முதல் மருந்தியற் பேராசிரியர், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தவர், சமசமாசக்காரர். அவரும் கம்யூனிஸ்ட் தலைவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் விளைவாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. இறக்குமதி செய்யப்பட்ட ஏறத்தாழ 2,100 மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயர்களின் இடத்தை மருந்தின் இயற்பெயர் பெற்றது. பன்னாட்டுக் கம்பனிகள் இதனை எளிதில் விடவில்லை. பிபிலை 1977இற் கயானாவிற் காலமானார். அவருடைய கொள்கையும் புதிய பொருளாதாரச் சூழலில் நலிவுற்றது. நாடு தாங்கக்கூடிய செலவில், தேவையான மருந்து, தேவையானோருக்கு என்ற அவருடைய கோட்பாட்டைவிட நிலைபேறான சுகாதாரத்துக்கு வேறு நல்ல விளக்கத்தை நாம் காணவில்லை. அந்தச் சொல் அவர் பாடநூலில் இருந்ததில்லை. விரிவுரை மண்டபத்திலிருந்தே ஒரு நாட்டின் மருந்துக் கொள்கையை மாற்ற முடியும் என்பதை அவர் செய்து காட்டினார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரச மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்தபோது பலர் அவரை நினைத்தனர், காலந்தாழ்ந்த நினைவு.

அவர் மருந்துக் கொள்கையை வகுத்துக்கொண்டிருந்த 1970களிலேதான் தோட்டங்கள் தேசியமயமாயின: 1972இல் நிலச் சீர்திருத்தம், 1975இற் கம்பனித் தோட்டங்கள். உடைமை மாறியது, லயம் மாறவில்லை. 1973-74இன் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1978இல் உலகம் அல்மா-ஆட்டாவிற் கூடி 'எல்லோருக்கும் நலம்' எனப் பிரகடனஞ் செய்தது. 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. குடித்தொகை, சுகாதார அளவீடு 2016இல் தரும் எண்கள் இவை: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். ஒரு தலைமுறை இதனுள் வளர்ந்துவிட்டது.

இனி மண்ணுக்கு வருவோம். தேயிலைத் தோட்டங்களிற் களையகற்றும் கருவிக்குச் சுரண்டி என்று பெயர். மார்க்சியவாதிகள் இட்ட பெயரன்று. துரைமாரும் ஆங்கிலத்தில் அச்சொல்லையே வழங்கினர். மண்ணின் மேற்படை தெரியச் சுரண்டுவதே நல்ல தோட்டத்தின் அடையாளமெனக் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. மலைச்சரிவின் மண் மழையோடு இறங்கிற்று. மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழுவொன்றின் அறிக்கை 1931இலேயே வெளிவந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 1951 ஆயிற்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லந்தையைச் சார்ந்த மீரியபெத்தையில் மலைச்சரிவு பெயர்ந்து லயங்களை மூடியது. மக்கள் மண்ணுட் புதையுண்டனர். பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவ்விடம் அபாயகரமானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கேட்டும் மக்கள் ஏன் வெளியேறவில்லை என வினவியோர் இருந்தனர். காணியோ வீட்டுறுதியோ இல்லாத, வேலை உள்ளவரை மட்டுமே உறைவிடம் உடைய ஒருவர் எங்கு வெளியேறுவார்? 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்தன.

நிலைபேறு மேலிருந்து ஆணையிடப்பட்ட அநுபவமும் நமக்கு உண்டு. 2021இல் இரசாயன உரமும் கிருமிநாசினியும் ஒரே ஆணையில் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இரசாயன நஞ்சிலிருந்து மண்ணையும் மனிதரையும் காத்தல் வேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடில்லை. ஆயின் விளைச்சல் வீழ்ந்தபோது, நாட்கூலிக்குரிய கொழுந்தின் அளவை எட்ட முடியாத பெண் தொழிலாளிக்கு அரைப்பேர் விழுந்ததே, அவ்விழப்பை எந்தச் சூழலியற் கணக்கில் எழுதுவது?

2005இற் பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸைப் பல்கலைக்கழகம், தேசிய வளங்களுக்குப் பெறுமதி சேர்த்தலைத் தன் நோக்காகக் கொண்டு தேயிலைத் தொழினுட்பத்திலும் பட்டம் வழங்குகின்றது. வரவேற்கத்தக்கது. அம்மலையிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருப்பது, சுகாதாரக் கற்கைநெறிகளை வகுப்போருக்கும் ஒரு வாய்ப்பு. பேராதனை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய இடங்களிற் பயிலும் மருத்துவ, தாதியியல் மாணவர் தோட்டங்களுக்கு வருவாராயின், அவர்கள் கற்கவேண்டியன எவை? தமிழில் நோயாளியோடு பேசுதல் முதலாவது. அது மருத்துவமனைச் சுவரில் மும்மொழிப் பலகை தொங்கவிடுவதோடு முடிந்துவிடுவதன்று. கொழுந்துக் கூடையின் சுமை, குளிர், ஈரச் சாக்கு, அட்டைக்கடி, பிள்ளை மடுவத்துக்கும் மலைக்கும் இடையில் ஓடிவந்து பாலூட்டும் தாய் ஆகியவற்றை நோயின் வரலாறாக எழுதிக்கொள்ளப் பழகுதல் இரண்டாவது. சரிவின் சாய்வையும் வடிகாலையும் பீலியில் வரும் நீரையும் இரத்த அழுத்தத்தை அளப்பதுபோல அளந்து பதிதல் மூன்றாவது. இதற்கு மண்ணியல் துறையினரும் சுகாதாரத் துறையினரும் ஒரே வகுப்பில் அமர வேண்டியிருக்கும்.

களப்பயிற்சியின் காலமும் ஒரு பிரச்சினையே. ஊவாவில் யூலை முதல் செப்தெம்பர் வரை வீசும் வறண்ட காற்றே அங்குள்ள தேயிலைக்கு ஏலத்தில் உயர்ந்த விலை தரும் மணத்தைக் கொடுக்கின்றது. அதே காற்றிற் பீலிகள் மெலிந்து, குடிநீருக்கான நடை நீளும். ஒக்டோபருக்குப் பின் மழையும் மண்சரிவும் மார்புச்சளியும் சேர்ந்து வரும். வாகனம் ஏறக்கூடிய வெயில் நாளில் ஒருமுறை வந்து படிவம் நிரப்பிச் செல்லும் மாணவர் இவ்விரு பருவங்களுள் எதையும் காணார். ஒரே மாணவக் குழு ஒரே தோட்டத்துக்கு ஆடியில் ஒரு முறையும் கார்த்திகையில் ஒரு முறையும் வருமாறு கால அட்டவணையை மாற்றுதற்குப் பாராளுமன்றச் சட்டம் எதுவும் தேவையில்லை; பீடச் சபையின் தீர்மானமே போதும்.